ஆஃப்ரோடுக்கு எந்த டயர், எவ்வளவு காற்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் கை அரிக்கும்: டயரை மாத்திடலாமா? எனக்கும் அப்படித்தான் அரித்தது. மாற்றினேன், பணம் போனது, அடுத்த வாரமே மணலில் புதைந்து நின்றேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் நண்பர்கள் கேட்கக் கேட்கச் சொல்லிவருகிறேன். அந்தக் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம். பங்க்கில் பேசுகிற மாதிரியே "30 காற்று" என்று எழுதியிருக்கிறேன். 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம்) என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணக்கும் 1,200 கிலோவிலிருந்து 2,200 கிலோ வரை உள்ள வண்டிகளுக்கு. லாரிக்கும் வேனுக்கும் இது ஆகாது.

புது வண்டி எடுத்திருக்கிறேன். முதலில் எந்த டயர் போடலாம்?

எதுவும் வேண்டாம். ஒரு நல்ல பிரஷர் கேஜ், ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர், இரண்டும் வாங்குங்கள். கம்பெனி டயரிலேயே ஆறு மாதம் ஓட்டுங்கள். மணலில் புதைந்து நிற்கும் வண்டியைப் பார்த்தால் நான் முதலில் டயரின் பெயரைப் பார்ப்பதில்லை, கேஜைச் செருகிப் பார்ப்பேன். பெரும்பாலும் 32 காட்டும். அறுபதாயிரம், எழுபதாயிரம் கொடுத்து வாங்கிய டயரில் 32 காற்றோடு மணலில் இறங்குகிறவரை, கம்பெனி டயரில் 16 காற்றோடு வருகிறவர் சுலபமாகத் தாண்டிப் போய்விடுவார்.

காற்றை இறக்கினால் வண்டி ஏன் போகிறது? டயர் அகலமாவதாலா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். கூடுவது நீளம். வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, ஒரு அட்டையை டயரின் முன்பக்கத்திலிருந்து அடியில் தள்ளுங்கள். எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. பின்பக்கமும் அதேபோல. 32 காற்றில் ஒரு முறை, 16-க்கு இறக்கி ஒரு முறை. என் வண்டியில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த இடைவெளி ஒன்றேகால் சாணைத் தாண்டியது. பக்கவாட்டில் ஒரு விரற்கடைகூட முழுசாகக் கூடவில்லை.

கணக்காகப் பார்த்தால்: ஆளோடு 1,800 கிலோ இருக்கும் வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ. 30 காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. ஆக, அந்தச் சக்கரம் நிற்கச் சுமார் 214 சதுர சென்டிமீட்டர் தரை வேண்டும். காற்றை 15-ஆக்கினால் 428. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் நிஜத்தில் இரட்டிப்பு வராது, அதைவிடக் குறைவாகவே வரும். ஆனாலும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மணலையும் அழுத்தும் பாரம் நன்றாகவே குறைந்துவிடுகிறது. தடம் நீளமாக ஆவதால் டயர் தனக்கு முன்னால் மணல் மேட்டைத் தள்ளிக்கொண்டு போகாமல், பாயை விரித்துக்கொண்டே போவது மாதிரி ஏறிப் போகிறது. பாறையிலும் இதே கதைதான். இறுக்கமான டயர் கல்லின் மேல் பந்து மாதிரித் துள்ளும். தளர்ந்த டயர் கல்லைக் கட்டிப்பிடிக்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் ரால்ஃப் பாக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர், ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தின் மணல்மேடுகளைக் கடந்தார். காற்றைக் குறைத்த டயர், சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடு, இவைதான் அவருடைய ஆயுதங்கள். இரண்டாம் உலகப் போரில் வந்த டி.யு.கே.டபிள்யூ. என்ற நீர்நில வண்டியில், டிரைவர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்க வசதி இருந்தது. நாம் இன்னும் குனிந்து உட்கார்ந்து வால்வு மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எந்தத் தரைக்கு எவ்வளவு?

உங்கள் வண்டியின் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தார் ரோட்டுக்கான அளவு இருக்கும். அதுதான் அடிப்படை. அதிலிருந்து எவ்வளவு குறைப்பது என்பதுதான் பேச்சு. 32 அடிப்படை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கப்பி ரோடு, சரளை, எஸ்டேட் ரோடு என்றால் 25, 26. இது பலர் செய்யாத வேலை. "இதுக்கெல்லாம் காத்து இறக்கணுமா?" என்பார்கள். இருபது கிலோமீட்டர் கப்பி ரோட்டில் 32-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். கூரான சரளையில் ட்ரெட் (டயரில் தரையைத் தொடும் பள்ளமும் மேடுமான பகுதி) சிதைவதும் குறையும்.

பாறை, ஓடைக்கல், மலைப்பாதையில் பெயர்ந்து கிடக்கும் கல் என்றால் 20-லிருந்து 22. இதற்குக் கீழே போனால் பிடிப்பு கூடும்தான், ஆனால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கிக் கல் முனைக்கு நேரே வந்து நிற்கும். ரிம்மும் கல்லில் இடிக்கும்.

மணல் என்றால் 16-லிருந்து 18-ல் தொடங்குங்கள். புதைந்துவிட்டால் 12, 13 வரை இறக்கலாம், வெளியே வந்ததும் மறுபடி 16. வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் மணல்மேட்டுக்குப் போகும்போது 15-லேயே தொடங்குவார்கள். அந்த மணலுக்கு அது சரி.

எடையையும் பாருங்கள். ஜிம்னி 1,200 கிலோதான். அதற்கு இந்த எண்களில் இரண்டு குறைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர், கூரை மேல் சாமான், பின்னால் தண்ணீர்க் கேன் என்று ஃபார்ச்சூனரில் போனால் பின் டயரில் இரண்டு, மூன்று கூட வைக்க வேண்டும். எண்ணைவிடக் கண்ணை நம்புங்கள். டயரின் அடிப்பகுதியில் பக்கச்சுவர் கொஞ்சம் தொப்பை போட்ட மாதிரித் தெரிய வேண்டும். மடிப்பு விழக்கூடாது.

சேற்றுக்கு ஒரு எண் சொல்லவில்லையே?

சொல்ல முடியாது என்பதால்தான். சேறு என்று ஒன்று இல்லை. மேலே சகதி, அரை அடிக்குக் கீழே கெட்டித் தரை என்றால் டயர் சகதியைக் கிழித்துக்கொண்டு கீழே போய்க் கெட்டியைப் பிடிக்க வேண்டும். அங்கே 24, 25 நல்லது. அடியே இல்லாத சேறு என்றால் மேலே மிதக்க வேண்டும், 16, 18. எது என்று தெரிய இறங்கி ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள். செருப்பு அழுக்காகும் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தவர்கள், பிறகு முழங்கால் வரை இறங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

செம்மண் சேறு ஓரளவு மன்னிக்கும். கரிசல் மன்னிக்காது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கோடையில் போனால் கரிசல் காடு கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வண்டி ஜம்மென்று போகும். அதே மண் ஒரு மழைக்குத் தண்ணீரைக் குடித்து ஊதி, களி கிண்டின மாதிரி ஆகிவிடும். முதல் பத்தடியில் ட்ரெட் பள்ளம் முழுக்க அடைத்துக்கொள்ளும். அடுத்த பத்தடியில் டயர் ஒரு கறுப்புக் கொழுக்கட்டை. அப்புறம் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் இறுகிச் சக்கரமே சுற்றாது. சேற்றுக்கென்றே வரும் எம்.டி. டயராக இருந்தால் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டு மண்ணை உதறலாம். அதுவும் கொஞ்ச தூரம்தான்.

அந்த ஊர் டிராக்டரைப் பாருங்கள். பின் டயரில் சாய்ந்த பெரிய பட்டன்கள், நடுவே கை வைக்கும் அளவு இடைவெளி, உள்ளே 12-லிருந்து 15 காற்றுதான். பாரத்துக்காகச் சிலர் டயருக்குள் தண்ணீரும் நிரப்புவார்கள். அந்த டிராக்டரே மழை விட்டு இரண்டு நாள் காடு காயட்டும் என்று வீட்டில் நிற்கும். அது நிற்கும்போது நாம் போகக் கூடாது. கரிசலுக்கு என் பதில் அவ்வளவுதான்.

தேரிக்காட்டிலும் கடற்கரையிலும் ஓட்டலாமா?

முதலில் அனுமதி. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரி மணல்மேடுகள் செக்கச் செவேல் என்று அழகாகக் கூப்பிடும். ஆனால் குதிரைமொழித் தேரி போன்ற இடங்கள் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரம் வைக்கக் கூடாது. கடற்கரையிலும் பெரும்பாலான இடங்களில் வண்டி இறக்க விடமாட்டார்கள். ஜனவரி பிறந்தால் 'பங்குனி ஆமை' எனப்படும் ஆலிவ் ரிட்லி கடல் ஆமைகள் முட்டையிடும் காலம் வேறு. தெரிந்தவர்களுடைய பனந்தோப்பு, பட்டா நிலம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

ஓட்டும் விதம்: காலையில் பனி ஈரம் இருக்கும்போது மணல் கெட்டியாக இருக்கும். மதியம் காய்ந்ததும் அதே இடம் பொலபொலவென்று ஆகிவிடும். காலையில் வந்த தைரியத்தில் மதியம் அதே வழியில் திரும்பாதீர்கள். பிரேக் அடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை விட்டே நிறுத்துங்கள். பிரேக் அடித்தால் டயருக்கு முன்னால் மணல் சுவர் ஒன்று எழும்பும், அதைத் தாண்டித்தான் மறுபடி கிளம்ப வேண்டும். சக்கரம் சும்மா சுற்றினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். இன்னும் ஐந்து விநாடி மிதித்தால் ஆக்ஸில் மணலில் உட்கார்ந்துவிடும்.

காற்று இறக்கிய பிறகு எவ்வளவு வேகத்தில் போகலாம்?

25 காற்றில் 60-க்கு மேல் வேண்டாம். 20-ல் 40. 16-ல் 30. 12 என்பது வெளியே வருவதற்கு மட்டும், ஆள் ஓடும் வேகம்.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடாகிற மாதிரித்தான். தார் ரோட்டில் 18 காற்றோடு 80-ல் போனால் உள்ளே சூடேறிப் பக்கச்சுவர் வெந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அன்றைக்கு வெடிக்காவிட்டாலும் வேறொரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும். தார் ரோடு வந்ததும் நிறுத்திக் காற்றுப் பிடியுங்கள். "பங்க் எட்டு கிலோமீட்டர்தானே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டால்?

எனக்கு ஆனது. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு பனந்தோப்பு, மணல் சரிவு. 12 காற்று வைத்து வெளியே வந்தவன், அதே 12-ல் கொஞ்சம் வேகமாகப் போய் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டேன். "டப்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் முன் டயரின் வெளி விளிம்பு ரிம்மிலிருந்து விலகி, அந்த இடுக்கில் மணல் நிரம்பியிருந்தது. ஜாக்கி போட்டோம், ஜாக்கி மணலுக்குள் இறங்கியது. தோப்பில் கிடந்த பலகை ஒன்றை அடியில் கொடுத்துத் தூக்கினோம். பழைய டூத் பிரஷால் விளிம்பு முழுக்க மணலைத் தட்டி, சோப்புத் தண்ணீர் பூசி, ட்ரெட்டைச் சுற்றி ராட்சட் பெல்ட்டை (சாமான் கட்டி இறுக்கும் பட்டை) போட்டு இறுக்கினோம். இறுக்கினால் டயரின் விளிம்புகள் வெளிப்பக்கம் தள்ளி ரிம்மை ஒட்டும். வால்வு ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்று அடித்தால் வேகமாக நிரம்பும். இரண்டு தடவை "டக், டக்" என்று கேட்டதும் பெல்ட்டை அவிழ்த்து, ஊசியைப் போட்டு முழுக் காற்று பிடித்தோம். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம்.

அதுவரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பனையேறும் அண்ணாச்சி ஒருவர், "தம்பி, காத்து இல்லாம ஓட்டுனா இப்படித்தான் ஆகும்" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

விளிம்பு உட்காரப் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள்.

எச்.டி., ஏ.டி., எம்.டி. இதில் எது எனக்கு?

எச்.டி. (ஹைவே டெரெய்ன்) ரோட்டுக்கானது. ஷோரூமிலிருந்து வரும் எஸ்.யு.வி.கள் பலவற்றில் இதுதான். சத்தம் குறைவு, மழையில் தார் ரோட்டுப் பிடிப்பு நன்றாக இருக்கும், சேற்றில் உடனே வழவழவென்று ஆகிவிடும். எம்.டி. (மட் டெரெய்ன்) முழுப் பட்டன் டயர். சேறும் பாறையும் அதற்கு வீடு. நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினால் உறுமும், ஈரத் தார் ரோட்டில் பிரேக் தூரம் கூடும், மைலேஜ் குறையும், சீக்கிரம் தேயும். ஏ.டி. (ஆல் டெரெய்ன்) இரண்டுக்கும் நடுவில்.

வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ், மாதம் ஒரு முறை மலைப்பக்கம் என்றால் ஏ.டி. போதும். அதிலும் பக்கச்சுவர் கனமாக உள்ளதைப் பாருங்கள். நம் ஊர் மலைப்பாதைகளில் டயர் சாவது ட்ரெட் தேய்ந்து இல்லை, பக்கச்சுவர் கல்லில் கிழிந்துதான். பார்க்க அழகாக இருக்கிறது என்று எம்.டி. வாங்கி, சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வண்டியின் மேல்தான், வேறு யார் மேலும் இல்லை.

தேய்மானத்தைப் பற்றி ஒன்று. மண்ணைக் கடிக்கிற டயர் தார் ரோட்டில் தன்னையே கடித்துக்கொள்ளும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் இரண்டு நாள் ஆஃப்ரோடு செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம்.

அகல டயரா, ஒல்லி டயரா?

நான் ஒல்லியான, உயரமான டயர் பக்கம். முன்பே சொன்ன மாதிரி, மிதப்பது நீளத்தால். நீளம் வர உயரமான பக்கச்சுவர் வேண்டும். புதுத் தலைமுறைத் தார் வண்டி 2020-ல் வந்தபோது 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்று இரண்டு அளவுகளில் வந்தது. முதலாவதில் பக்கச்சுவர் 184 மி.மீ. இரண்டாவதில் 166. மொத்த உயரம் பெரிதாக வேறுபடவில்லை. 18 அங்குல ரிம் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் காற்று இறக்க இடம் கொடுப்பது 16 அங்குலம்தான். மலைக்காட்டு வேலைக்கு எடுக்கிறவர்கள் பெரிய ரிம்முக்குப் பணம் கொடுத்து மாறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆழமான காய்ந்த மணலில் மட்டும் அகலம் கொஞ்சம் கைகொடுக்கும்.

டயர் மேல் எழுதியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

255/65 ஆர்18 109எஸ் என்று இருந்தால், 255 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல், 18 ரிம்மின் அளவு அங்குலத்தில். 109 என்பது பாரம் தாங்கும் எண், ஒரு டயருக்கு 1,030 கிலோ. எஸ் என்பது வேகம், மணிக்கு 180 கிலோமீட்டர். பல எம்.டி. டயர்களில் க்யூ என்று இருக்கும், அது 160. பழைய டயரின் பார எண்ணைவிடக் குறைந்த எண்ணில் வாங்காதீர்கள்.

முக்கியமான இன்னொரு எண்ணைக் கடைக்காரர் தானாகக் காட்டமாட்டார். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. எனக்கு ஒரு கடையில் மூன்று வருடம் கிடங்கில் கிடந்த டயரைப் "புது ஸ்டாக்" என்று காட்டினார்கள். பட்டன் டயர்கள் மெதுவாக விற்பவை, அதனால் குனிந்து பாருங்கள்.

ஒரு சைஸ் பெரிய டயர் போடலாமா?

ஜிம்னியின் 195/80 ஆர்15-க்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் மொத்த உயரம் 693 மி.மீட்டரிலிருந்து 703-க்கு மேல் போகும். ஒன்றரை சதவீதம். இது பெரிய தொந்தரவு தராது. தாரின் 245/75 ஆர்16-லிருந்து 265/75 ஆர்16-க்குப் போனால் ஏறக்குறைய 4 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 4 கிலோமீட்டர் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும், பிறகு "மைலேஜ் குறைந்துவிட்டது" என்று புலம்புவீர்கள். 30 மி.மீ. பெரிய டயர் வண்டியின் வயிற்றை 15 மி.மீ.தான் உயர்த்தும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசுகிறதா, ஸ்டெப்னி அதன் இடத்தில் நிற்குமா என்பதையும் பாருங்கள். வாரண்டியும் இன்ஷூரன்ஸும் இதைக் காட்டித் தகராறு செய்யலாம் என்பதால் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மாற்றினால் ஐந்தும் மாற்றுங்கள். நான்கு புதிதும் ஸ்டெப்னி பழைய அளவும் என்றால், பஞ்சர் ஆன இடத்தில் ஃபோர் வீல் போட முடியாது. உயரம் வேறுபட்ட டயர்கள் ட்ரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முறுக்கும்.

எல்.டி. என்று தொடங்கும் டயர் நல்லதா?

எல்.டி. என்றால் லைட் டிரக். கனமான, பாரம் ஏற்றும் வகை. கிழியாது என்ற அளவில் நல்லது. ஆனால் அதே எடையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும், சவாரி முரடாகும், இறக்கும்போதும் சாதாரண டயரைவிட இன்னும் கீழே போனால்தான் தளரும். 1,200 கிலோ வண்டிக்கு வீண்.

நைட்ரஜன் அடிக்கலாமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து அடித்ததைக் காட்டு ஓரத்தில் "உஸ்ஸ்" என்று திறந்துவிடப்போகிறீர்கள். வேண்டாம்.

மலை ஏறினால் காற்று கூடும் என்கிறார்களே, ஊட்டிக்குப் போகும்போது குறைக்க வேண்டுமா?

தேவையில்லை. காரணம் சுவாரசியமானது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியைவிட 3.5 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைவு, அதனால் கேஜ் அவ்வளவு கூடக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி. குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய 3 குறைகிறது. கூட்டலும் கழித்தலும் போக 32 என்பது 32, 33-ல் நிற்கும். லடாக்கின் லே 3,500 மீட்டர். அங்கே ஒன்றோ இரண்டோ கூடலாம், மதிய வெயிலில் இன்னும் கொஞ்சம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறும் சூடு இதைவிடப் பெரிது. அதனால் எப்போதும் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்திய டயரில் 36 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை 28-ல் நிற்கும்.

காற்றை இறக்க, ஏற்ற சுலபமான வழி?

இறக்க, சாவிக்கொத்தில் ஒரு வால்வு சாவியும் கையில் கேஜும் போதும். வால்வு ஊசியைக் குச்சியால் அழுத்திக்கொண்டு மனதுக்குள் எண்ணுங்கள். முதல் டயரில் 32-லிருந்து 18-க்கு எத்தனை எண்ணிக்கை ஆனதோ, மற்ற மூன்றுக்கும் அதே எண்ணிக்கை, பிறகு கேஜால் சரிபார்க்கலாம். ஊசியையே கழற்றினால் வேகமாக இறங்கும், ஆனால் ஊசி விரலிலிருந்து நழுவிப் புல்லில் விழும். கைவசம் நான்கு ஊசி கூடுதலாக வைத்திருங்கள், பஞ்சர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ஏற்றுவதில்தான் செலவு செய்யலாம். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன கம்ப்ரஸர் நான்கு டயரை 18-லிருந்து 32-க்கு ஏற்றுவதற்குள் நீங்கள் டீ போட்டுக் குடித்து, பாத்திரமும் கழுவிவிடலாம். நடுவில் சூடாகி நின்றும் போகும். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள். பெரிய கம்ப்ரஸரை லைட்டரில் செருகினால் ஃப்யூஸ் போகும். காற்று ஏற்றும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

காட்டுக்குள் பஞ்சரானால்?

ட்ரெட்டில் ஆணியோ முள்ளோ என்றால் டயரைக் கழற்றவே வேண்டாம். ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்டில் இருக்கும் ரப்பர் திரியைப் பசை தடவிக் குத்தி, ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடலாம். நம் பக்கம் கருவேல முள் அதிகம். முள்ளைப் பிடுங்கும் முன் கிட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடுங்குங்கள். பக்கச்சுவரில் கிழிந்தால் திரி மேல் திரியாக நான்கைந்து குத்தி மெதுவாக ஊர் சேரலாம், அதோடு அந்த டயரின் ஆயுள் முடிந்தது. ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்டு ஏமாறாதீர்கள்.

2020-ல் வந்த விதித் திருத்தத்தின்படி, ட்யூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் டி.பி.எம்.எஸ்.ஸும் (டயர் காற்றைக் கண்காணிக்கும் கருவி) உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. நகரத்துக்கு அது சரி. கல்லில் பக்கச்சுவர் கிழிந்த வண்டிக்குக் கிட் என்ன செய்யும்? ஸ்டெப்னி இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்கு வராதீர்கள்.

காற்று இறக்கியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறதே?

டி.பி.எம்.எஸ். தன் வேலையைச் செய்கிறது. காற்று ஏற்றியதும் தானே அணையும், சில வண்டிகளில் மெனுவில் போய் ரீசெட் செய்ய வேண்டும்.

பைக்குக்கும் இது பொருந்துமா?

கொள்கை ஒன்றுதான், அளவு வேறு. ட்யூப் டயர் போட்ட ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மாதிரி பைக்கில் 20, 22-க்குக் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றினால் வால்வும் அறுந்துவிடும்.

டயரை எப்போது மாற்றுவது?

காருக்குச் சட்டப்படி ட்ரெட் ஆழம் 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும், ட்ரெட் அதற்குச் சமமாகத் தேய்ந்தால் அந்த அளவு வந்துவிட்டது என்று பொருள். அது தார் ரோட்டுக்கான கணக்கு. சேற்றுக்கு 4, 5 மி.மீ. வந்தபோதே அந்த டயர் ஓய்வு பெற்றுவிட்டது. மணலுக்கு அப்படி இல்லை. கடிக்கிற வேலையே இல்லாததால் பாதி தேய்ந்த டயர் புதுப் பட்டன் டயரைவிட அங்கே அமைதியாகவே போகும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றிக்கொண்டே வந்தால் ஐந்தும் சேர்ந்து தேயும். மாற்றும்போது உள்பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கத்து வெட்டைக் கழுவும்போதே பார்த்துவிடுவோம். உள்பக்கத்து வெட்டு வண்டியைத் தூக்கினால்தான் தெரியும்.